முகமற்ற சுவரொட்டிகள்

திரைப்படச் சுவரொட்டியின் இலக்கணம் எளியது. நாயகனின் முகம் பெரிது. நாயகியின் முகம் அதன் அருகே. தலைப்புக்குக் கீழே கலைஞர் பெயர்கள். முகங்களின் அளவையும் பெயர்களின் வரிசையையும் பெரும்பாலும் ஓவியனன்றி ஒப்பந்தங்களே தீர்மானிக்கின்றன. சுவரொட்டி ஒரு விற்பனைப் பண்டத்தின் மேலுறை என்னும் எண்ணமே இவ்விலக்கணத்தின் அடிப்படை எனலாம்.

இதனை மீறிக் காட்டியவர்கள் போலந்து நாட்டு ஓவியர்கள். அங்கு 1945இல் திரைப்படத்துறை அரசுடைமையாயிற்று. நட்சத்திரங்களைக் காட்டிச் சீட்டு விற்கவேண்டிய நிர்ப்பந்தம் தளர்ந்தது. ஹென்றிக் தொமஷெவ்ஸ்கி முதலானோர் படத்தின் காட்சியை விடுத்து அதன் கருத்தை வரையலாயினர். ஹிச்கொக்கின் 'வேட்டிகோ' அங்கு 'தலைச்சுற்றல்' என்னும் பொருள்படும் பெயரில் வெளியாயிற்று. அதற்கு ரோமன் செஷ்லேவிச் 1963இல் ஆக்கிய சுவரொட்டியில் ஜேம்ஸ் ஸ்ருவேட்டும் இல்லை. கிம் நொவாக்கும் இல்லை. ஒரு மண்டையோடும் அதன் நெற்றியில் வட்டத்துள் வட்டமாய் அமைந்த வளையங்களுமே உள்ளன. படத்தின் அச்சம் முழுவதையும் அவ்வளையங்கள் உணர்த்திவிடுகின்றன.

இவ்வோவியர்கள் தணிக்கைக்கு உட்பட்டே பணியாற்றினர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1989இன் அரசியல் மாற்றத்தையடுத்துத் தணிக்கை ஒழிந்தது; சந்தை வந்தது; அதனோடு பெரிய முகங்களும் வீதிச் சுவர்களுக்கு வந்து சேர்ந்தன. முன்னைய சுவரொட்டிகளைக் காண விரும்புவோர் வார்சோவின் விலானூவில் 1968இல் திறக்கப்பட்ட சுவரொட்டி நூதனசாலையை நாடவேண்டியவராயினர்.

எதனைச் சொல்லலாகாது என்று அரசு விதித்தது. எதனைச் சொல்லியே ஆகவேண்டும் என்று சந்தை விதிக்கிறது. இவ்விரண்டினுள் கலைஞனை அதிகம் கட்டுப்படுத்துவது எதுவென்று எளிதில் தீர்ப்புக்கூற இயலாது.