என் ஆயா ஊர் கூவம்



சமூக அறிவியல் சார் ஆளுக்கொரு நாட்டைக் கொடுத்து, "அந்த நாட்டு ஆறுகளைப் பத்தி ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க"ன்னு சொன்னார். எனக்கு வந்தது லக்சம்பர்க். பேரே வாயில நுழையல! அட்லஸில் தேடினால் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி மூன்றுக்கும் நடுவில் பொட்டு வைத்த மாதிரி இருந்தது. பரப்பளவு 2,586 சதுர கிலோமீட்டர்தான். நம்ம திருவள்ளூர் மாவட்டம் 3,000-க்கும் மேல். ஒரு நாடே நம்ம மாவட்டத்தை விடச் சின்னது!

அங்கே மொசெல் ஆறு ஜெர்மனிக்கு எல்லையாக ஓடுகிறது. சூர் ஆற்றில் அணை கட்டிக் குடிநீர் எடுக்கிறார்கள். அல்செட் ஆறு தலைநகர் வழியாகப் போகிறது. ஆனால் அந்த நாட்டுக்குக் கடல் கிடையாது. மொசெல் ஜெர்மனியில் ரைன் ஆற்றோடு கலந்து, பிறகுதான் வட கடலுக்குப் போகிறது.

நான் படித்து முடித்ததும் சார், "நல்லா இருக்கும்மா. நம்ம மாவட்டத்து ஆறுங்க என்னென்ன?"ன்னு கேட்டார். "கொசஸ்தலை ஆறு, ஆரணி ஆறு..."ன்னு சொல்லி நிறுத்திட்டேன். மூன்றாவது பேர் தெரியாமல் இல்லை. சொல்ல வெட்கம்.

ஏன் தெரியுமா? என் ஆயா ஊர் பேரே கூவம். ஆறாம் வகுப்பில் சொந்த ஊர் கேட்டபோது அதைச் சொன்னேன். எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் "கடம்பத்தூர் பக்கம்"னு சொல்லிடுவேன். ஒருநாள் ஆயா எங்க வீட்டுக்கு வந்திருந்தாங்க. தோழிகள், "ஆயா, நீங்க எந்த ஊரு?"ன்னு கேட்க, நான் முந்திக்கொண்டு "கடம்பத்தூர்"னு சொல்லிட்டேன். ஆயா ஒண்ணும் பேசல. ராத்திரி படுக்கும்போது மட்டும், "ஏம்மா, நம்ம ஊரு பேரு உன் வாய்ல வரலியா?"ன்னு கேட்டாங்க. எனக்குத் தூக்கமே வரவில்லை.

விடுமுறையில் நானே கேட்டு ஆயாவோடு கிளம்பினேன். செவ்வாப்பேட்டை, புட்லூர், திருவள்ளூர், ஏகாட்டூர் தாண்டி கடம்பத்தூரில் இறங்கி பஸ் பிடித்தோம். ஊரில் திருவிற்கோலநாதர் கோயில் இருக்கிறது. சம்பந்தர் தேவாரம் பாடிய தலம். அப்புறம் ஆற்றுக்குப் போனோம். மணலும் முள்ளுச்செடியும்தான் இருந்தது. "இந்த மணல்ல கையால ஊத்துத் தோண்டிக் குடிச்சு வளர்ந்தவ நான். நாறுதா, மோந்து பாரு"ன்னு ஆயா சொன்னாங்க. ஒரு நாற்றமும் இல்லை. காற்றுதான் வந்தது.

திரும்பி வந்து மறுபடி அட்லஸை எடுத்தேன். கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையும் கூவமும் பிரிகின்றன. கொசஸ்தலை, 1944-ல் கட்டி முடித்த பூண்டி ஏரிக்குப் போய் சென்னைக்குக் குடிநீர் தருகிறது. மீதித் தண்ணீர் தாமரைப்பாக்கம் வழியாக எண்ணூரில் கடலைச் சேர்கிறது. ஆரணி ஆறு பழவேற்காட்டுக்குப் போகிறது. கூவம் மணவாள நகர், நம்ம ஊருக்குத் தெற்கே அரண்வாயல் எல்லாம் கடந்து, திருவேற்காடு வழியாகச் சென்னைக்குள் நுழைந்து, நேப்பியர் பாலத்துக்கிட்ட கடலில் கலக்கிறது.

ஒரே இடத்தில் பிரிகிற இரண்டு ஆற்றில் ஒன்றைக் குடிக்கிறோம், இன்னொன்றில் சாக்கடையை விடுகிறோம். நகரத்தை நெருங்க நெருங்கத்தான் கூவம் கறுக்கிறது. அதை அழுக்காக்கியது நாம். கெட்ட பேர் மட்டும் ஆற்றுக்கும் என் ஆயா ஊருக்கும்! லக்சம்பர்க்குக்கு ஒரு கடல்கூட இல்லை. நம்ம மாவட்டத்தில் ஓடும் மூன்று ஆறும் தானாகவே கடலுக்குப் போகுது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சார், அன்றைக்கு விட்ட பதில் இதோ: கொசஸ்தலை, ஆரணி, கூவம்.

தோழிகளே, அடுத்த வாரம் ஆயா மறுபடி எங்க வீட்டுக்கு வர்றாங்க. எந்த ஊருன்னு அவங்களையே கேளுங்க. இந்தத் தடவை நான் முந்திக்க மாட்டேன்.



– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி