பழைய வண்டிக்கு ஏற்ற கிளச்

யாத்திரை என்றால் காசியும் ராமேசுவரமுமே நேயர்களுக்கு நினைவு வரும். பழைய மோட்டார் வண்டியைக் கட்டிக் காப்பவருக்கோ வேறு க்ஷேத்திரங்கள் உண்டு. சென்னைக்கு மேற்கே, அம்பத்தூர் தொழிற்பேட்டையை அடுத்த மேனாம்பேடு அவற்றுள் ஒன்று.

தென்னிந்தியாவின் முதல் ரயில், 1856-இல் ராயபுரத்திலிருந்து அம்பத்தூர் வழியாகத்தான் வாலாஜா நோக்கி ஓடிற்று. ஆயினும் இப்பிரதேசத்தின் முகத்தை மாற்றியது 1960-களில் எழுந்த தொழிற்பேட்டையே. இரும்பைக் கடையும் ஓசை இங்கே அன்றாட நாதஸ்வரம்.

வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு கம்பெனியார் 1961 முதல் செய்த 'ஹெரால்டு' வண்டியை நினைவிருக்கிறதா? அந்தக் கம்பெனியின் கார் உற்பத்தி 1980-களின் இறுதியில் அடங்கிவிட்டது. பிறந்த வீடு மூடப்பட்ட பெண்ணுக்குச் சீர் கொண்டுவருபவர் யார்? கிளச் தேய்ந்தால் எஞ்சின் உறுமும். வண்டி மேடேற மறுக்கும். புதுப்பேட்டையில் பழைய சாமான்களைத் துழாவினால் அதே பெயருள்ள தட்டு அகப்படலாம். ஆனால் பெயரை நம்புவதில் பயனில்லை. அளவையே நம்ப வேண்டும்.

தட்டின் விட்டம், நடுத்துளையின் பற்கள் எத்தனை, அத்துளையில் நுழையும் தண்டின் பருமன், நடுக்குமிழ் எந்தப் பக்கம் புடைத்திருக்கிறது என்ற நான்கும் ஒத்திருக்க வேண்டும். அழுத்துத் தட்டில் முற்காலத்தில் சுருள் வில்கள் பல இருந்தன. பிற்காலத்தில் ஒரே தட்டை வில் வந்தது. ஒன்றுக்குரிய இடத்தில் மற்றொன்று பெரும்பாலும் பொருந்தாது.

பொருத்தமானது கிடைக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம். நடுக்குமிழும் பற்களும் நன்றாயிருந்தால், தேய்ந்த உராய்வுப் பட்டையைக் களைந்து புதியதை ரிவெட் அடித்துக் கொள்ளலாம். எஞ்சினின் சக்கரத்தில் கோடு விழுந்திருந்தால், அதையும் கடைசல் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்த வேண்டும். எண்ணெய்க் கசிவை நிறுத்தாமல் புதுத் தட்டு மாட்டுவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதே. பழைய பட்டையின் தூளை ஊதக் கூடாது. அதில் இருக்கக்கூடிய கல்நார் நுரையீரலுக்கு நஞ்சு.

கம்பெனி கைவிட்ட வண்டியை ஓடச் செய்வது இத்தகைய சிறு பட்டறைகளின் கைத்திறனே. அங்கே புறப்படும் நேயர்கள் பழைய தட்டை எறிந்துவிடாமல், துணியில் சுற்றி உடன் எடுத்துச் செல்வார்களாக! எந்த விவரப் புஸ்தகத்தையும்விட அதுவே நல்ல அடையாளம்.