அயல் ஆஸ்பத்திரியில் சில வாரங்கள்

நம் வீடுகளில் பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால் மூன்று கேள்விகள் தவறாமல் வரும்: மதிப்பெண் எவ்வளவு, செலவு எவ்வளவு, விசா கிடைக்குமா என்பவை. மாதுங்காவிலும் செம்பூரிலும் எத்தனையோ குடும்பங்கள் இவற்றுக்கு விடை கண்டவுடன் பெட்டியைக் கட்டத் தொடங்கிவிடுகின்றன. சேரப்போகிற இடத்தை நேரில் போய்ப் பார்த்தாயா என்று ஒருவரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் பல் வைத்தியம் படிக்கும் என் தமக்கையின் மகள், சென்ற கோடை முழுவதையும் இந்த ஒரு கேள்விக்காகவே செலவிட்டாள். அதைப் பற்றி எழுதும்படி சங்கத்து நண்பர்கள் சிலர் கேட்டார்கள். பல் வைத்தியக் கல்லூரிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அவர்களுக்குப் பயன்படுமென்று எண்ணி எழுதுகிறேன்.

நம் நாட்டில் பி.டி.எஸ். படிப்பு ஓராண்டுப் பயிற்சியையும் சேர்த்து ஐந்து ஆண்டு. அதற்குமேல் வாய், முகம், தாடை ஆகியவற்றின் அறுவைச் சிகிச்சையில் எம்.டி.எஸ். பட்டம் பெற விரும்புவோர் நீட் தேர்வு எழுதுகிறார்கள். தர வரிசையில் ஓர் எண் வருகிறது. அந்த எண்ணைக் கொண்டு கலந்தாய்வில் இடம் கிடைக்கிறது. மூன்று ஆண்டு படிக்கிறார்கள். பையன் பொறுமைசாலியா, கோபக்காரனா, இராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பினால் முகம் சுளிப்பவனா என்பதெல்லாம் கல்லூரிக்குத் தெரியாது. கல்லூரி எப்படிப்பட்டது என்பதும் பையனுக்குத் தெரியாது. மணமகனும் மணமகளும் பந்தலில்தான் முதன்முதலாக முகம் பார்த்துக்கொள்ளும் பழைய காலத்துக் கலியாணம் போன்றது இது. இதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. சிபாரிசுக்கும் தாட்சணியத்துக்கும் இதில் இடமில்லை.

அமெரிக்காவில் முறை வேறு. அங்கே ஏறத்தாழ நூறு இடங்களில் இந்தச் சிகிச்சைக்குப் பயிற்சி தருகிறார்கள். ரெசிடென்ஸி என்பது அதன் பெயர். சில இடங்களில் நான்கு ஆண்டு. வேறு சிலவற்றில் எம்.டி. பட்டத்தையும் சேர்த்து ஆறு ஆண்டு. ஓர் இடத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேருக்கும், பெரிய இடமானால் இன்னும் ஓரிருவருக்குமே வாய்ப்பு. இவ்வளவு சிறிய கூட்டம் நாலு வருஷமோ ஆறு வருஷமோ இரவு பகலாக ஒன்றாக உழைக்கவேண்டும். ஆகவே வருகிறவன் எப்படிப்பட்டவன் என்று முன்கூட்டியே பார்த்துவிட அவர்கள் விரும்புகிறார்கள். பல் வைத்திய மாணவர்கள் கடைசி ஆண்டுக்கு முன்னும் அந்த ஆண்டின் தொடக்கத்திலும், தம் கல்லூரியை விட்டு வேறு ஆஸ்பத்திரிகளுக்குச் சென்று, ஒரு வாரமோ இரண்டு வாரமோ ரெசிடென்டுகளோடு இருந்து வேலை பார்க்கிறார்கள். இதற்கு எக்ஸ்டர்ன்ஷிப் என்று பெயர். சம்பளம் கிடையாது. பயணச் செலவும் தங்கும் செலவும் பெரும்பாலும் மாணவரைச் சேர்ந்தவை.

என் மருமகளுக்கு இதில் ஒரு நெருக்கடி இருந்தது. அவள் இந்தியாவில் பி.டி.எஸ். முடித்துவிட்டுப் போனவள். இந்தியப் பட்டத்தை மாத்திரம் வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் அங்கே பல இடங்களில் கதவு திறப்பதில்லை. அயல்நாட்டுப் பட்டதாரிகளை இடையிலே சேர்த்துக்கொண்டு, இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்நாட்டுப் பட்டத்தைக் கொடுக்கும் வகுப்பு ஒன்று உண்டு, அதில் சேர்ந்தாள். அந்நாட்டு மாணவனுக்குப் பல் வைத்தியம் நான்கு ஆண்டுப் படிப்பு. ஊர் ஊராகப் போய்ப் பார்க்க அவனுக்கு இரண்டு மூன்று கோடைகள் இருக்கின்றன. இவளுக்கு வாய்த்தது ஒன்றே ஒன்று.

அந்தக் கோடைக்கு முன்னால் ஒரு பரீட்சையும் இருந்தது. பல் வைத்தியத்துக்கான தேசியத் தேர்வில் 2012 முதல் மதிப்பெண் தருவதை நிறுத்தி, தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டும் சொல்லத் தொடங்கினார்கள். பிறகு, தாடை அறுவைக்கு வருகிறவர்களைத் தரம் பிரிக்க, மருத்துவ மாணவர்கள் படிக்கும் உடற்கூறு, உடலியல், நோயியல் முதலியவற்றில் ஒரு தனித் தேர்வு முக்கியமாகிவிட்டது. அதன் பெயரின் சுருக்கம் சி.பி.எஸ்.இ. மகள் சி.பி.எஸ்.இ. எழுதப் போகிறாள் என்று கேள்விப்பட்ட என் தமக்கை, "பள்ளிக்கூடப் பரீட்சையை இவள் ஏன் திரும்ப எழுதவேண்டும்?" என்று திகைத்துப் போனாள். டில்லிப் பள்ளி வாரியம் வேறு, இது வேறு என்று விளக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது ஆயிற்று.

எக்ஸ்டர்ன்ஷிப்பை அவள் திட்டமிட்ட விதத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். மேலே போகிற பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான் என்று அவளே சொன்னாள். முதலில், இடங்களின் புகழைப் பார்க்கவில்லை. அயல்நாட்டில் முதற்பட்டம் பெற்றவர்களை முன்பு சேர்த்திருக்கிறீர்களா, விசாவுக்கு ஏற்பாடு செய்வீர்களா என்ற இரண்டையும் கேட்டு ஒவ்வோர் இடத்துக்கும் கடிதம் எழுதினாள். குடிமக்களுக்கும் நிரந்தர வாசிகளுக்கும் மட்டுமே இடம் என்று சில ஆஸ்பத்திரிகள் நேராகப் பதில் சொல்லிவிட்டன. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு வாரம் நின்று வந்தால் அனுபவம் கிடைக்கும், இடம் கிடைக்காது. ஒரே ஒரு கோடையை வைத்திருப்பவளுக்கு அது கட்டுமா? அந்தப் பெயர்களை அடித்துவிட்டாள்.

பிறகு தேதிகள். நல்ல இடங்களில் வாரங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடுகின்றன. கோடை வந்தபின் கேட்டால் ஒன்றும் மிஞ்சியிராது. கல்லூரியிலிருந்து நன்னடத்தைக் கடிதம், சிகிச்சைத் தவறுக்கான காப்புறுதிப் பத்திரம், மஞ்சள் காமாலைத் தடுப்பூசிச் சான்று, காச நோய்ச் சோதனை, உயிர்காப்பு முதலுதவிப் பயிற்சிச் சான்று என்று காகிதங்கள் ஒரு கட்டுச் சேர்ந்தன. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி படிவம் வேறுபடும். எல்லாவற்றையும் முந்திய கார்த்திகையிலேயே தொடங்கி மாசிக்குள் முடித்துவிட்டாள்.

மூன்று இடங்களைத் தேர்ந்தாள். அவளோடு படித்த ஒருவன் ஆறு இடங்களுக்குப் போகத் திட்டமிட்டிருந்தான். அவள் கணக்கு வேறு விதமாக இருந்தது. தான் அதிகமாக விரும்பும் இடத்தை முதலில் வைத்துக்கொள்ளவில்லை. அறுவை அறையில் எங்கே நிற்பது, எதைத் தொடக்கூடாது, காலை ரவுண்டுக்கு முன் எந்தக் கட்டுகளைத் தயாராக வைத்திருப்பது என்ற பழக்கமெல்லாம் முதல் இடத்தில் வரும். வந்தபின் விரும்பிய இடத்துக்குப் போனால் கால் தடுமாறாது. இரண்டாவதும் மூன்றாவதும்தான் அவள் மனத்தில் இருந்தவை. மூன்றாவது, நாடெங்கும் பெயர் தெரிந்த ஆஸ்பத்திரி.

இந்த ஏற்பாடு முடிந்த மாதத்தில்தான் வீட்டில் புயல் எழுந்தது. என் தந்தையாருக்கு ஆனி மாதத்தில் சதாபிஷேகம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பம்பாயில் வாழ்ந்தவர். பேரன் பேத்திகள் எல்லோரும் வரவேண்டுமென்பது அவருடைய ஆசை. சதாபிஷேக நாளோ இரண்டாவது ஆஸ்பத்திரியின் இரண்டு வாரத்துக்குள் விழுந்தது. "தாத்தாவுக்கு எண்பது வயது ஒரு தடவைதானே வரும்? ஆஸ்பத்திரி எங்கே ஓடிவிடப் போகிறது?" என்றாள் தமக்கை. ஆஸ்பத்திரி ஓடாது, வாரம் ஓடிவிடும். தேதியை மாற்றிக்கொள்ளக் கேட்டபோது, அந்த ஆண்டு வேறு வாரம் இல்லை என்று பதில் வந்தது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். அவள் அங்கேயே இருக்கட்டும் என்று சொன்னேன். அவளுக்கு அப்போது வயது இருபத்தேழு. பட்டம் முடிய இருபத்தெட்டு. அதற்குமேல் நான்கு ஆண்டோ ஆறு ஆண்டோ. முப்பத்திரண்டிலிருந்து முப்பத்துநாலு வரை வயதைக் கொடுத்து வாங்கப்போகிற ஒரு தொழிலை, ஒரு வாரம் கூடப் பார்க்காமல் வாங்கச் சொல்வது முறையாகாது என்பது என் எண்ணம். தமக்கை மூன்று நாள் என்னோடு பேசவில்லை. தந்தையாரோ ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சம்பளம் இல்லை என்கிறார்கள், சாப்பாடாவது போடுவார்களா?" சில இடங்களில் போடுவார்கள் என்று சொன்னதும், "சரி, இருக்கட்டும்" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். சதாபிஷேகத்தன்று அவள் தொலைபேசித் திரையில் வந்தாள். அங்கே இரவு. முந்தைய இரவு முழுதும் விழித்தவள், கலசாபிஷேகம் தொடங்கு முன்பே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டாள். தமக்கை இன்றும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள். அவளைக் குறை கூற எனக்கு வாய் வரவில்லை.

அப்படி என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். விடியுமுன் எழுந்து, ரெசிடென்டுகள் ரவுண்டு போகுமுன் நோயாளிகளின் விவரத்தைத் திரட்டவேண்டும். அறுவை அறையில் உதடும் கன்னமும் மறைக்காதபடி இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். உறிஞ்சு குழாயைப் பிடிக்கவேண்டும். கத்தி பெரும்பாலும் கைக்கு வராது. இரவில் அவசரப் பிரிவு. சண்டையில் தாடை உடைந்தவர், மோட்டார் விபத்தில் முகம் நொறுங்கியவர் வருவார்கள். சொத்தைப் பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்கி, மூச்சுக் குழாயை நெருக்கும் நிலையில் ஒருவர் வந்ததை அவள் எழுதியிருந்தாள். பல் வலிதானே என்று நாம் கிராம்புத் தைலம் தடவிக்கொண்டு நாளைக் கடத்துகிறோம்; அந்த வலி உயிரைக் கொண்டுபோகக்கூடும் என்பதை அவள் கடிதத்தைப் படித்த பிறகு என் மனைவி எல்லோருக்கும் சொல்லிவருகிறாள்.

இந்தப் பயிற்சியில் சில மாதங்கள் மயக்க மருந்துப் பிரிவிலும் வேலை செய்யவேண்டும். அதற்குப் பொருத்தமான பழங்கதை ஒன்று உண்டு. 1846 அக்டோபர் 16-ஆம் தேதி, பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில், பலர் முன்னிலையில் ஈதர் கொடுத்து ஒரு நோயாளியை மயக்கமுறச் செய்து, கழுத்துக் கட்டியை அகற்ற வழிசெய்தவர் வில்லியம் மார்ட்டன். அவர் பல் வைத்தியர். வலியில்லாத அறுவையை உலகம் நம்பத் தொடங்கிய அந்த நாளில் பல் வைத்தியனுக்கும் பங்கு உண்டு என்று மருமகள் பெருமையடித்துக்கொள்வாள்.

அவள் கவனித்தவை வேறு. பகலில் தலைமை டாக்டரிடம் கேட்டால் எல்லா இடமும் நல்ல இடம்தான். இரவு இரண்டு மணிக்கு ரெசிடென்டிடம் கேட்டால்தான் விஷயம் வெளிவரும். மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கிறாரா? கடைசி ஆண்டு ரெசிடென்டு கையால் அறுவை செய்கிறாரா, அல்லது வேடிக்கை பார்க்கிறாரா? நர்சுகளோடு எப்படிப் பேசுகிறார்கள்? இரண்டாவது இடத்தில், வேலை ஓய்ந்த நள்ளிரவில் ஒரு மூத்த ரெசிடென்டு பிளாஸ்டர் மாதிரியை எடுத்துவைத்து, உடைந்த தாடையைப் பற்களோடு சேர்த்துக் கம்பியால் கட்டும் விதத்தை ஒரு மணி நேரம் காட்டிக்கொடுத்தாராம். பெயர் பெற்ற மூன்றாவது இடத்தில், போன முதல் நாள் முதல் திரும்பிய நாள் வரை ஒருவரும் அவள் பெயரைக் கேட்கவில்லை. அது கூடப் பெரிதில்லை. அங்கே முதலாண்டு ரெசிடென்டுகள் சந்தேகம் கேட்கவே அஞ்சினார்கள். ஓர் இளைஞர் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகத் தலையாட்டியதைக் கண்டாளாம். "மாமா, அறுவை அறையில் அப்படித் தலையாட்டுகிற ஆளாக நான் ஆகிவிடக்கூடாது" என்று எழுதினாள்.

இந்த அறிவு பயன்படுகிற இடம் ஒன்று உண்டு. விண்ணப்பங்களும் நேர்முகங்களும் முடிந்தபின், மாணவர் தாம் விரும்பும் இடங்களை வரிசைப்படுத்திக் கொடுக்கவேண்டும். ஆஸ்பத்திரிகளும் தாம் விரும்பும் மாணவர்களை வரிசைப்படுத்தும். இரு பட்டியல்களையும் ஒத்துப் பார்த்துக் கணக்கு யந்திரம் ஜோடி சேர்க்கிறது. இத்தகைய பொருத்தத்தின் கணிதத்தை டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் 1962-இல் எழுதினார்கள். இத்துறைக்காக ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. மாணவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் தந்திரத்துக்கு வேலையில்லை. "அங்கே எனக்குக் கிடைக்காது" என்று அஞ்சி விரும்பிய இடத்தைக் கீழே தள்ளுவதால் ஒரு லாபமும் வராது. உண்மையில் எதை விரும்புகிறோமோ அதை மேலே எழுதவேண்டியதுதான். ஆனால் உண்மையில் எதை விரும்புகிறோம் என்பது பார்க்காமல் எப்படித் தெரியும்? மூன்றாவது ஆஸ்பத்திரியை அவள் பார்க்காமலிருந்தால் அதன் பெயர்தான் முதலில் எழுதப்பட்டிருக்கும்.

நேர்முகங்கள் இப்போது முடிந்துவிட்டன. மூன்றாவது ஆஸ்பத்திரியும் அவளை நேர்முகத்துக்கு அழைத்தது, போய் வந்தாள். முடிவு ஜனவரியில் தெரியும். சென்ற வாரம் தொலைபேசியில் பேசும்போது, இரண்டாவது ஆஸ்பத்திரியை முதலில் எழுதப்போவதாகச் சொன்னாள். "அந்தப் பெரிய இடம்?" என்று தமக்கை கேட்டாள். கீழே எங்கோ இருக்கிறது என்று சொன்னாளே தவிர, எத்தனையாவது என்று சொல்லவில்லை. நானும் கேட்டுப் பார்த்தேன். "பட்டியலைக் கொடுக்கிற வரையில் அது என்னோடு இருக்கட்டும், மாமா" என்று சொல்லிவிட்டு, தாத்தாவைக் கூப்பிடச் சொன்னாள்.