சம்பளக் கடிதத்தில் எழுதப்படாத கணக்கு

பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னவுடன் நம்மவர் கேட்கும் முதற் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" என்பதே. கேட்பதில் தவறில்லை. அடுப்பு எரிய வேண்டும்; வீட்டுக் கடன் அடைய வேண்டும். ஆனால் அந்த ஒரே கேள்வியோடு விசாரணையை முடித்துக்கொள்வது முறையன்று. பள்ளியில் நெடுங்காலம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் இதைக் கூறுகிறேன். இரண்டு தொகைகளை ஒப்பிட வேண்டுமாயின் அவை ஒரே அலகில் இருக்க வேண்டும் என்பது சிறுவர்க்குரிய பாடம். பெரியவர்களாகிய நாம்தான் அதை மறந்துவிடுகிறோம்.

அந்தப் பாடத்தை நான் மீண்டும் நடத்த நேர்ந்தது அமெரிக்காவில். ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் என் தங்கையின் மகன் விமானியாக இருக்கிறான். அவன் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்த சமயம், இரண்டு தனியார் ஜெட் நிறுவனங்களிலிருந்து அவனுக்கு வேலைக்கான கடிதங்கள் வந்தன. "மாமா, நீங்கள் கணக்கு ஆசிரியர். இவற்றில் எது மேல் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று இரண்டையும் என் முன் வைத்தான்.

தனியார் ஜெட் என்றதும் யாரோ ஒரு கோடீசுவரரின் சொந்த விமானம் என்று எண்ணிவிடாதீர்கள். நெட்ஜெட்ஸ் என்று இன்று அறியப்படும் நிறுவனம் அதே கொலம்பஸ் நகரில் 1964இல் வேறு பெயரில் தொடங்கப்பட்டது. 1984இல் அதை வாங்கிய ரிச்சர்டு சாண்டுல்லி கணிதம் பயின்றவர். ஒரே விமானத்தைப் பலர் பங்கு போட்டு வாங்கி, தத்தம் பங்குக்கேற்பப் பறக்கும் முறையை அவர் 1986இல் கொண்டுவந்தார். 1998இல் வாரன் பஃபெட்டின் பெர்க்சயர் ஹாத்வே அந்நிறுவனத்தை வாங்கியது. இவ்வாறு பங்குமுறையில் விமானம் இயக்குவோர் ஒரு வகை. கேட்பவருக்கு வாடகைக்கு ஓட்டுவோர் மற்றொரு வகை. என் தங்கை மகனுக்கு வந்தவை வகைக்கு ஒன்றாக இரு கடிதங்கள்.

வாடகை நிறுவனத்தின் சம்பளமே பெரிது. அவன் மனமும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது. நான் ஒரு தாளை எடுத்து, "எத்தனை நாள் வேலை?" என்று கேட்டேன். பங்குமுறை நிறுவனத்தில் ஏழு நாள் வேலை, ஏழு நாள் வீடு. ஆண்டுக்கு 182 நாள்கள். வாடகை நிறுவனத்திலோ மாதத்தில் ஏறக்குறைய 20 நாள்கள் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். எந்த நாள்கள் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆண்டுக்கு 240 நாள்கள்.

கணக்கு விளங்குவதற்காகத் தொகைகளை நானே வைத்துக்கொள்கிறேன். 182 நாள்களுக்கு 1,20,000 டாலர் என்றால் நாளொன்றுக்குச் சுமார் 659 டாலர். 240 நாள்களுக்கு 1,44,000 டாலர் என்றால் நாளொன்றுக்கு 600 டாலர். ஆண்டுக் கணக்கில் 24,000 டாலர் மேலாகத் தெரிந்த வேலை, நாள் கணக்கில் கீழே இறங்கிவிடுகிறது! வகுத்தல் என்ற எளிய செய்கை எத்தனை மயக்கங்களைத் தெளிவிக்கிறது பாருங்கள்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளின்படி, இரு விமானிகள் ஓட்டும் வாடகை விமானத்தில் ஒருவரது வழக்கமான பணிநேரம் 14 மணி வரையிலும், பறக்கும் நேரம் 10 மணி வரையிலும் போகலாம். அதன்பின் 10 மணி நேர ஓய்வு உண்டு. மூன்று மாதக் காலாண்டில் முழுநாள் ஓய்வாக 13 நாள்கள் தந்தால் போதும். ஏழுக்கு ஏழு என்னும் ஒப்பந்தமோ அதே காலாண்டில் ஏறக்குறைய 45 நாள்களைத் தருகிறது. ஆகவே, சட்டம் தருவது அடித்தளம் மட்டுமே; அதன்மேல் வீடு கட்டுவது ஒப்பந்தம்.

அடுத்து, வேலைக்குப் போய்ச் சேரும் வழி. வழக்கமான பயணிகள் விமான நிறுவனங்களில், விமானி தனக்குரிய தளத்துக்குத் தன் பொறுப்பிலேயே வந்து சேர வேண்டும். வேறு ஊரில் குடியிருப்பவர், காலியான இருக்கை கிடைக்குமா என்று காத்திருந்து, தம் ஓய்வு நாளையே பயணத்தில் கரைப்பது அங்கே சாதாரணம். பங்குமுறை நிறுவனங்கள் பல, வீட்டுக்கு அருகிலுள்ள விமான நிலையத்திலிருந்தே பயணச்சீட்டு வாங்கிக் கொடுத்து அழைத்துக்கொள்கின்றன.

இது வெறும் வசதி பற்றிய பேச்சன்று. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகருக்கு அருகில் கொல்கன் ஏர் நிறுவனத்தின் பயணிகள் விமானம் வீழ்ந்து, தரையிலிருந்த ஒருவர் உட்பட 50 பேர் மாண்டனர். அதன் துணை விமானி நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து கிழக்கே நியூவர்க்குக்கு வேலைக்கு வந்தவர். தலைமை விமானியின் தவறான கையாளுதலே காரணம் என்று கூறிய விசாரணைக் குழு, இருவரும் களைப்புற்றிருக்கக் கூடும் என்பதையும் குறித்தது. அந்த விபத்துக்குப் பின் எழுந்த புதிய ஓய்வு விதிகள் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. ஆனால் அவை பயணிகள் விமான நிறுவனங்களுக்கு உரியவை. அங்கே ஆண்டுக்கு 1,000 மணி என்பது பறக்கும் நேரத்தின் எல்லை. வாடகை ஜெட் விமானிக்கோ 1,400 மணி. நடைமுறையில் அவ்வளவு பறப்பவர் அரியர் என்றாலும், சட்டத்தின் வேலி எங்கே நிற்கிறது என்பதை அறிந்திருத்தல் நலம்.

"அப்படியானால் பெரிய பயணிகள் விமான நிறுவனத்துக்கே போய்விடலாமே?" என்று நான் கேட்டேன். அதிலும் நன்மை உண்டு என்று அவன் ஒப்புக்கொண்டான். உச்சிக்கு வந்த தலைமை விமானியின் ஊதியம் அங்கே பெரிது. ஊழியர் தம் பங்கைச் செலுத்தாவிட்டாலும் ஓய்வுக்கால நிதிக்கு நிறுவனமே கணிசமான விழுக்காடு செலுத்துவதும் உண்டு. குடும்பத்தாரும் இடமிருந்தால் பறக்கலாம். ஆனால் அங்கே எல்லாம் பணிமூப்பின்படி. விமானம், வழித்தடம், விடுமுறை யாவும் வரிசை எண்ணைப் பொறுத்தவை. வேறு நிறுவனத்துக்கு மாறினால் மீண்டும் வரிசையின் கடைசி. வயது எல்லையும் 65. மிகுதியாகப் பறக்கும் பெரிய தனியார் ஜெட் நிறுவனங்கள் விரும்பினால் 70 வயதை எல்லையாக வைத்துக்கொள்ளலாம் என்று 2022 டிசம்பரில் சட்டம் வந்தது. ஆகவே தளம் உள்ள நகரிலேயே குடியிருக்கும் இளைஞனுக்குப் பயணிகள் விமானம் நல்லதாயிருக்கலாம். நடுவயதில் தொழில் மாறுகிறவருக்குத் தனியார் ஜெட் பொருந்தலாம். ஒருவருக்கு அளவான சட்டை மற்றொருவருக்கும் அளவாயிருக்குமா?

தனியார் ஜெட் விமானியின் வேலை ஓட்டுவதோடு முடிவதில்லை என்பதையும் அங்கேதான் அறிந்தேன். பயணிகளின் பெட்டிகளை ஏற்றுவது, உணவு வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது, அவர்கள் இறங்கியபின் இருக்கைகளை ஒழுங்குபடுத்துவது எல்லாம் பெரும்பாலும் அவர் பணியே. காலையில் சொன்ன ஊர் மாலைக்குள் இரண்டு முறை மாறிவிடும். அடுத்த பயணியை ஏற்ற, வெறும் விமானத்தை ஓட்டிச் செல்ல வேண்டியும் வரும்.

பிறகு கடிதங்களின் கடைசிப் பக்கங்களைப் பார்த்தோம். சிறிய எழுத்தில் இருப்பவற்றை வாசிப்பதற்காகவே முதியவர்களுக்குக் கண்ணாடி தரப்பட்டிருக்கிறது போலும்! வாடகை நிறுவனத்தின் கடிதத்தில், பயிற்சிச் செலவை நிறுவனம் ஏற்கும். ஆனால் குறித்த காலத்துக்குள் விலகினால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்றிருந்தது. மருத்துவக் காப்பீட்டில் மனைவி மக்களுக்கான பங்கை அவனே செலுத்த வேண்டும். நாற்பதைக் கடந்த தலைமை விமானி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் பறக்க இயலாது. அன்றைக்குக் கைகொடுக்கும் காப்பீடு உண்டா என்று தேடினோம். பங்குமுறை நிறுவனத்தின் கடிதத்தில் இருந்தது; மற்றதில் இல்லை.

எனினும் எந்த நிறுவனமும் கற்பாறையன்று. பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் 2010இன் தொடக்கத்தில் நெட்ஜெட்ஸ் கூட 495 விமானிகளைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தியது. அவாண்டேர் என்னும் பங்குமுறை நிறுவனம் 2013இல் பறப்பதையே நிறுத்தி நொடித்துப்போனது. ஆகவே எங்கே சேர்ந்தாலும் சில மாதச் செலவுக்குரிய பணம் தனியே இருக்க வேண்டும் என்று அவனிடம் சொன்னேன்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி அதுவரை வாய் திறக்கவில்லை. கைக்குழந்தை ஒருபுறம், மருத்துவமனைச் செவிலியர் பணி மறுபுறம் என்று அல்லல்படுகிறவள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "மாமா, இவர் வீட்டிலிருக்கும் நாள்களை நான் நாட்காட்டியில் பேனாவால் எழுதி வைக்க முடியுமா, பென்சிலால்தான் எழுத வேண்டுமா?"

அத்தனை எண்களும் அந்த ஒரு கேள்விக்கு முன் ஒதுங்கி நின்றன. கணவன் வருவது உறுதியாகத் தெரிந்தால், அவள் தன் பணிநேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். குழந்தைக் காப்பகத்துக்குக் கட்டும் பணமும் குறையும். தெரியாவிட்டால், அவன் வீட்டிலிருக்கும் நாளுக்கும் சேர்த்தே காப்பகத்துக்குப் பணம் கட்ட வேண்டும். அதையும் தாளில் எழுதிக் கழித்தபோது, பெரிய சம்பளம் இன்னும் சிறிது சுருங்கியது.

அவன் ஏழுக்கு ஏழு வேலையையே ஏற்றுக்கொண்டான். அதிலும் இழப்பு உண்டு. வேலை வாரத்தில் பண்டிகை வந்தாலும், குழந்தைக்குப் பிறந்தநாள் வந்தாலும், அவன் எங்கோ ஒரு விடுதியில்தான் இருப்பான். அதை அறிந்தே இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். அந்த ஆண்டு நாட்காட்டியில் அவள் பேனாவால் வட்டமிட்டதை நான் கண்டேன்.

அன்பு வாசகர்களே, நம் பிள்ளைகளில் விமானியாகிறவர் சிலரே. ஆனால் மருத்துவமனையில் இரவுப்பணி பார்ப்பவரும், கப்பலில் செல்பவரும், வளைகுடா நாட்டில் உழைப்பவரும் நம் குடும்பங்களில் பலர். அடுத்த முறை ஒரு பிள்ளை வேலைக் கடிதத்தோடு வரும்போது, சம்பளத்தைக் கேளுங்கள். கூடவே எத்தனை நாள் வேலை, போய்வரும் செலவு யாருடையது, உடல்நலம் குன்றினால் துணை யார் என்பதையும் கேளுங்கள். அந்த உரையாடலில் மருமகளையும் உட்கார வையுங்கள். விடுபட்டுப்போன கணக்கு அவளுக்குத் தெரிந்திருக்கும்.