கையிருப்பும் கைத்திறனும்

உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் இளையரின் அன்றாட வாழ்க்கையில் இரண்டு மாற்றங்கள் ஏற்படுகின்றன. பகுதிநேர வேலை செய்து சம்பாதித்த சிறு தொகை அவர்கள் கையில் புழங்கத் தொடங்குகிறது. அதே வேளையில், ஓய்வு நேரத்தை எப்படிக் கழிப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இணைப்பாட நடவடிக்கை எந்த நாளில், எங்கே நடக்கும் என்பதை அதுவரை பள்ளியே தீர்மானித்தது. அந்த ஏற்பாடு நின்ற பிறகு, "எனக்கு உண்மையில் என்ன செய்யப் பிடிக்கும்?" என்ற கேள்வி அவர்கள் முன் வந்து நிற்கிறது.

இக்கேள்விக்குப் பலர் கடையில் விடை தேடுகின்றனர். நீர்வண்ண ஓவியம் வரைய ஆசைப்படும் ஒருவர், முதல் நாளே இருபத்து நான்கு வண்ணங்கள் கொண்ட பெட்டி, பல அளவுத் தூரிகைகள், தடித்த தாள்கள் ஆகியவற்றை வாங்கிவிடுகிறார். நூறு வெள்ளி கரைந்துவிடுகிறது. முதல் இரண்டு ஓவியங்கள் எதிர்பார்த்தபடி அமையாமல் போனதும் அப்பொருள்கள் கட்டிலுக்கு அடியில் தஞ்சம் புகுகின்றன. சில மாதங்களில் பின்னல் ஊசிகளும் நூல் உருண்டைகளும் அங்கே வந்து சேர்கின்றன. பொருள்களை வாங்கும்போதே கலையைத் தொடங்கிவிட்டதுபோன்ற நிறைவு கிடைத்துவிடுகிறது. பிறகு, செலவழித்த பணத்துக்கு ஏற்ற ஓவியம் வரவில்லையே என்ற கவலை தூரிகையை எடுக்கவிடாமல் தடுக்கிறது.

இதற்கு மாறான வழியும் உண்டு. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருளிலிருந்து தொடங்குவதே அது. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி ஒருத்தியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். குறிப்பேடு தைக்கக் கற்றுக்கொள்வது அவள் ஆசை. தேர்வுக்காக வாங்கி எஞ்சிய கோடிட்ட தாள்கள், காலை உணவுத் தானியப் பெட்டியின் அட்டை, அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து ஒரு தடித்த ஊசி, கொஞ்சம் நூல் ஆகியவற்றை அவள் எடுத்துக்கொள்கிறாள். செலவு ஒரு காசுகூட இல்லை.

பத்துத் தாள்களை அடுக்கி நடுவில் மடித்து, மடிப்பில் மூன்று துளைகள் இட வேண்டும். நடுத்துளையின் உள்பக்கத்திலிருந்து ஊசியை வெளியே இழுத்து, மேல்துளை வழியாக உள்ளே கொண்டுவர வேண்டும். பிறகு நடுத்துளையைத் தாண்டிச் சென்று, கீழ்த்துளை வழியாக வெளியேற்றி, மீண்டும் நடுத்துளைக்குள் நுழைத்து முடிச்சிட வேண்டும். படிப்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வேலை முதல் முறையிலேயே அவளைச் சோதிக்கிறது. ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாகத் துளையிட்டதால் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அட்டையை மடித்தபோது அது சீராக மடங்காமல் வெடித்துப் பிளவுபட்டது. தாள்களைக் குறுக்கே மடித்ததால் கோடுகள் இடமிருந்து வலமாக ஓடாமல் மேலிருந்து கீழாக ஓடின.

மூன்று தவறுகளும் மூன்று பாடங்களைக் கற்பித்தன. அடுத்த முறை அவள் துளைகளின் இடத்தை ஒரு காகிதத் துண்டில் குறித்துக்கொண்டு, எல்லாத் தாள்களையும் ஒன்றாகச் சேர்த்துத் துளையிட்டாள். அட்டைக்குள் இருக்கும் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் அமைந்திருக்கும். அந்தத் திசையை ஒட்டி மடித்தால் அட்டை எளிதில் மடங்கும். மெல்ல வளைத்துப் பார்த்து அதையும் அவள் கண்டுகொண்டாள். கோடுகளுக்கு என்ன செய்வது? குறிப்பேட்டைத் திருப்பிப் பிடித்தாள். தைத்த பக்கம் மேலே வந்தது. மேல்நோக்கிப் புரட்டும் குறிப்பேடாக அது மாறியது. விலையுயர்ந்த தாளாக இருந்திருந்தால், வீணாகிவிடுமோ என்ற அச்சத்தில் அவள் இரண்டாம் முறை முயன்றிருக்கவே மாட்டாள்.

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்பது பழமொழி. உலகின் பல கைவினைகள் பற்றாக்குறையிலிருந்தே பிறந்துள்ளன. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கித் தைத்து உருவாக்கிய காந்தா போர்வைகள் இன்று அருங்காட்சியகங்களில் இடம்பெறுகின்றன. அவற்றைத் தைப்பதற்கான வண்ண நூலைக்கூட அவர்கள் பழைய சேலைகளின் கரையிலிருந்தே உருவி எடுத்தார்கள். ஜப்பானின் குளிர்மிகுந்த வடபகுதியில் பருத்தித் துணி கிடைப்பது அரிதாக இருந்தது. எனவே, உழவர் குடும்பங்கள் கிழிந்த ஆடைகளுக்கு ஒட்டுப்போட்டுத் தலைமுறை தலைமுறையாக உடுத்தினர். துணியை வலுப்படுத்துவதற்காக அங்கே போடப்பட்ட தையல்கள் இன்று 'சஷிகோ' என்னும் கலையாகப் போற்றப்படுகின்றன. பாட்டியின் பழைய பருத்திச் சேலை பேரக்குழந்தைக்குத் தூளியாவது தமிழ்க் குடும்பங்களுக்கும் புதிதன்று.

இதனால், எதையும் சொந்தமாகச் செய்தால் செலவு குறையும் என்று எண்ணிவிடக்கூடாது. ஒரு சிறிய புத்தக அடுக்கைச் செய்ய மரப்பலகை, திருகாணி, உப்புத்தாள், வண்ணப்பூச்சு, துளையிடும் கருவி ஆகியவை தேவை. இவை அனைத்தையும் புதிதாக வாங்கினால், கடையில் கிடைக்கும் புத்தக அடுக்கைவிட அதிகம் செலவாகலாம். ஆகவே, பணப்பையைத் திறப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. இது வீட்டிலேயே இருக்கிறதா? யாரிடமாவது இரவல் பெற முடியுமா? ஒருமுறைக்கு மேல் இது பயன்படுமா? மூன்றுக்கும் "இல்லை" என்ற பதில் வந்தால், அந்தத் திட்டத்தைச் சிறிது காலம் ஒத்திப்போடுவதே சிக்கனம்.

கற்றுக்கொடுக்க ஆள் கிடைத்தால் செலவு மேலும் குறையும். 2009ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் மார்ட்டீன் போஸ்ட்மா என்பவர் பழுதுபார்க்கும் சந்திப்பு ஒன்றைத் தொடங்கினார். பழுதான பொருளைக் கொண்டுவருவோர் தொண்டூழியர்களுடன் அமர்ந்து அதைச் சரிசெய்யலாம். அத்தகைய முயற்சி 2014ஆம் ஆண்டு 'ரிப்பேர் கோப்பித்தியாம்' என்ற பெயரில் சிங்கப்பூரிலும் தொடங்கப்பட்டது. அங்குள்ள தொண்டூழியர்களின் நோக்கம் பொருளைப் பழுதுபார்த்துக் கொடுப்பது மட்டுமன்று. உரிமையாளருக்கே அதைக் கற்றுக்கொடுப்பதும் ஆகும். இதன் தேவையை ஒரு செய்தி உணர்த்தும். 1999ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் செமாக்காவ் நிலப்பகுதியே சிங்கப்பூரின் ஒரே குப்பை நிரப்புமிடம். அது 2035ஆம் ஆண்டுவாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. வீட்டில் சரிசெய்யப்படும் ஒவ்வொரு நாற்காலியும் அந்தச் சுமையில் சிறிதைக் குறைக்கிறது.

ஆர்வத்தோடு எச்சரிக்கையும் வேண்டும். சரக்குகளை அடுக்கும் மரத்தட்டுகளைப் பிரித்து மேசை செய்ய விரும்புவோர், அவற்றின்மேல் உள்ள முத்திரையைப் பார்க்க வேண்டும். 'எச்டி' என்ற குறியீடு, மரம் வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டதைக் காட்டுகிறது. 'எம்பி' என்ற குறியீடு இருந்தால், மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயுவால் பதப்படுத்தப்பட்டது என்று பொருள். அதைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். யாருடையது என்று தெரியாத பொருளை உரிமையாளரின் அனுமதியின்றி எடுக்கக்கூடாது. மின்கம்பிகள் சார்ந்த வேலைகளை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிட வேண்டும். செய்துமுடித்த பொருளைத் தாழ்வாரத்தில் வைத்து அண்டை வீட்டாரின் வழியை அடைப்பதும் தவறு.

இன்று இளையர் எதிர்நோக்கும் மற்றொரு நெருக்கடியும் உண்டு. ஒன்றைச் செய்து முடிப்பதற்குள், "இதைச் சமூக ஊடகத்தில் போடலாமே, விற்றுப் பணமாக்கலாமே" என்று சுற்றியுள்ளோர் சொல்லத் தொடங்கிவிடுகின்றனர். விற்பதில் தவறில்லை. ஆனால், விற்கத் தொடங்கியதும் பொழுதுபோக்கிற்குள் காலக்கெடுவும் ஒப்பீடும் நுழைந்துவிடுகின்றன. படிப்பில் மதிப்பெண், வேலையில் மதிப்பீடு. இளையரின் பெரும்பாலான நேரம் பிறரால் அளக்கப்படுகிறது. பிறர் பார்க்காத இடத்தில், கோணல்மாணலாக வந்தாலும் பரவாயில்லை என்று ஒன்றைச் செய்துபார்க்கும் நேரம் அவர்களுக்கு மிகக் குறைவு. அந்த நேரத்தை விட்டுக்கொடுக்காமல் காப்பது முக்கியம்.

வயது ஏறஏறப் பொறுப்புகள் கூடும். புதிதாக ஒன்றைத் தப்பும்தவறுமாகச் செய்யக் கூச்சமும் கூடும். ஆதலால், இளமையிலேயே ஏதேனும் ஒரு கைவேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. அதற்குப் பெரிய அறையோ விலையுயர்ந்த கருவிகளோ தேவையில்லை. சாப்பாட்டு மேசையின் ஓரமும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலும் போதும்.