தீவின் பின்பக்கம்

பினாங்குக்குப் போய் வந்தவர்களிடம் என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். தண்ணீர்மலைக் கோயில், கொடிமலை, பாம்புக் கோயில், பத்து பெரிங்கி கடற்கரை என்று விரல்விட்டு எண்ணுவார்கள். பாலிக் புலாவ் என்று சொல்பவர் அரிது. மலாய்மொழியில் அந்தப் பெயருக்குத் தீவின் பின்பக்கம் என்று பொருள். ஜோர்ஜ் டவுன் கிழக்குக் கரையில் இருக்கிறது. நடுவே 833 மீட்டர் உயரத்தில் கொடிமலை. அந்த மலைத்தொடருக்கு மேற்கே, வயலும் பழத்தோட்டமுமாகக் கிடக்கிறது பாலிக் புலாவ்.

நான் அங்கே சுற்றிப்பார்க்கப் போகவில்லை. நாற்பத்து நான்கு வயதில், சேலையை மடித்து வைத்துவிட்டு, தலைக்கவசம் அணிந்து, சைக்கிள் மிதித்துக்கொண்டு போனேன். சிரிக்காதீர்கள், காரணத்தைச் சொல்கிறேன்.

தெற்குக் கெடாவில் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியை நான். இரண்டாண்டுகளுக்கு முன் ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது என்று டாக்டர் எச்சரித்தார். என் அம்மா அந்த நோயால் ஒரு காலை இழந்தவர். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. உடன் வேலைபார்க்கும் ஆசிரியை ஒருவர், "எங்களோடு வாருங்கள் டீச்சர், ஞாயிறுதோறும் பினாங்கில் பயிற்சி செய்கிறோம்" என்று அழைத்தார். போன பிறகுதான் தெரிந்தது, அவர்கள் டிரையத்லான் போட்டிக்குத் தயாராகும் கூட்டம் என்று!

முதலில் நீச்சல், அடுத்து சைக்கிள், கடைசியில் ஓட்டம். மூன்றையும் இடைவிடாமல் முடிக்கவேண்டும். களைத்த உடம்போடு தண்ணீரில் இறங்குவது ஆபத்து என்பதால் நீச்சலை முதலில் வைத்திருக்கிறார்கள். 1974-இல் அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் இது தொடங்கியது. 1978-இல் ஹவாயில் நடந்த நெடுந்தூரப் போட்டியில் இறங்கியவர்களே பதினைந்து பேர்தான். முடித்தவர்கள் பன்னிரண்டு பேர். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இது இடம்பெற்றது. அதே ஆண்டில் நம் லங்காவியிலும் நெடுந்தூரப் போட்டி நடந்தது. என்னைப்போன்ற புதியவர்களுக்குக் குறுந்தூரப் பிரிவு உண்டு: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம்.

எங்கள் கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். ஓய்வுபெற்ற சீனப் பெரியவர் ஒருவர். எல்லாருக்கும் அவர் 'அங்கிள்'. மலாய்த் தாதி ஒருவர், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலைசெய்யும் இரண்டு தமிழ்த் தம்பிகள், இன்னும் சிலர். அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. யார் கடைசியாக வந்தாலும் அவருக்குப் பின்னால் இன்னொருவர் வரவேண்டும். எவரையும் சாலையில் தனியே விடுவதில்லை.

தெலுக் பாஹாங்கில் விடியற்காலையில் கிளம்புவோம். அணைக்கட்டைத் தாண்டியதும் சாலை காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறும். முதல் நாள் மூன்றாவது வளைவிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. இறங்கிச் சைக்கிளைத் தள்ளினேன். வெட்கத்தில் கண் கலங்கியது. திரும்பிப் பார்த்தால், அங்கிளும் இறங்கித் தம்முடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார்! "பெலான் பெலான், சிக்கு" என்றார். மெதுவாக, மெதுவாக. எழுபதைத் தொட்டவர்; நினைத்தால் என்னைத் தாண்டிப் போயிருப்பார்.

தித்தி கெராவாங் அருவியைக் கடந்து இறங்கினால் காற்றில் வேறொரு மணம். சாலையோரமெங்கும் டுரியான் தோட்டங்கள். பழுத்து விழும் பழம் அடிபடாமலிருக்க மரத்தடியில் வலை கட்டியிருப்பார்கள். இடையிடையே ஜாதிக்காய் மரங்கள். ஆங்கிலேயக் கம்பெனியார் கொண்டுவந்து நட்ட பயிர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நோய் தாக்கிப் பெருந்தோட்டங்கள் அழிந்தன. ஆனாலும் ஜாதிக்காய் பினாங்கை விட்டுப் போகவில்லை. ஊருக்குள் ஒரு கோப்பை ஜாதிக்காய்ச் சாறு குடித்துப்பாருங்கள். மலையேறிய களைப்பு பறந்துபோகும்.

ஊரைத் தாண்டினால் சுங்கை பூரோங் பக்கம் பச்சைப் பசேல் என்று நெல்வயல். பினாங்கிலா இருக்கிறோம் என்று சந்தேகம் வரும். அங்கேதான் எங்களுக்கு ஓட்டப் பயிற்சி. சைக்கிளிலிருந்து இறங்கிய உடனே ஓடிப் பழகவேண்டும். இல்லையேல் கால்கள் நம்முடையவை அல்ல என்பதுபோல் மரத்துத் தள்ளாடும். வரப்போரச் சாலையில் நான் தள்ளாடியதைப் பார்த்துக் கொக்குகள்கூடப் பறந்துபோயின.

சைக்கிளும் ஓட்டமும் எப்படியோ கைகூடின. தண்ணீர்தான் என் எமன். சிறுவயதில் என்னோடு படித்த பெண் ஒருத்தி தோட்டத்து ஓடையில் மூழ்கி இறந்தாள். அன்றுமுதல் தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. நீச்சல் குளத்தில் முகத்தை நீருக்குள் வைக்கவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. தாதி அக்கா என் பக்கத்தில் நின்று, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருப்பார். ஒருநாளும் "சீக்கிரம்" என்று சொன்னதில்லை.

அந்தச் சொல் அப்போதுதான் என்னைச் சுட்டது. வகுப்பில் நான் ஒருநாளைக்கு எத்தனை முறை "சீக்கிரம், சீக்கிரம்" என்கிறேன்! என் வகுப்பில் ஒரு பையன். எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் மணி அடித்துவிடும். அவன் முகத்தில் நான் பார்த்தது சோம்பல் என்று நினைத்திருந்தேன். அது, குளத்தோரம் நின்ற என் முகத்தில் இருந்த அதே பயம். பயிற்சிக் கல்லூரியில் படித்தும், இருபது ஆண்டுகள் கற்பித்தும் எனக்கு விளங்காத பாடம், கடைசி வரிசையில் நின்றபோது விளங்கியது.

எட்டு மாதம் கழித்து, வேறொரு மாநிலக் கடற்கரையில் என் முதல் போட்டி. கடலில் பாதி தூரத்தில் பயம் பிடித்துக்கொண்டது. மல்லாந்து மிதந்து, ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பிறகு நீந்தினேன். 1982-இல் ஹவாயில் ஜூலி மாஸ் என்ற பெண், முதலாவதாக வந்துகொண்டிருந்தவர், முடிவுக்கோட்டுக்குச் சில அடிகள் இருக்கையில் விழுந்தார். இன்னொருவர் தாண்டிப்போனார். அவரோ தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். வென்றவரைவிட அவரைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அந்தக் கதையைத் தம்பிகள் சொல்லியிருந்தார்கள். ஓட்டத்தின் கடைசிக் கிலோமீட்டரில் அதை நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் மூன்று பேர்தான் வந்தார்கள். என் கூட்டத்தார் எப்போதோ முடித்துவிட்டு, வெயிலில் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். கழுத்தில் பதக்கம் விழுந்தபோது அம்மாவை நினைத்துக்கொண்டேன். இப்போது சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அந்தப் பையன் ஒரு பக்கத்தைத் தானாகவே வாசிக்கிறான். மெதுவாகத்தான், நான் காத்திருக்கிறேன்.

பள்ளி விடுமுறையில் பினாங்குக்குப் போகும் அன்பர்கள், கொம்தாரிலிருந்து பேருந்து ஏறி ஒருநாள் பாலிக் புலாவுக்கும் போய் வாருங்கள். ஜூன், ஜூலை என்றால் டுரியான் கிடைக்கும். புளிப்பு லக்சா, சயாம் லக்சா இரண்டையும் சுவைத்துப்பாருங்கள். மலைச்சாலையில் யாராவது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் பரிதாபப்பட வேண்டாம். "பெலான் பெலான்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்கள். அது போதும்.