பானையின் வாயை மூடுங்கள்! – உடப்புக் கரையில் கற்ற பாடம்

 

சிலாபத்திலிருந்து புத்தளம் செல்லும் வீதியில் தெதுறு ஓயாப் பாலத்தைக் கடந்து, பத்துளுஓயாவில் கடல் பக்கமாகத் திரும்பினால் உடப்பு வந்துவிடும். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. நடுவே நெருக்கமான வீடுகள். திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பினாலும், கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடல்களினாலும் நாடறிந்த தமிழ் இந்துக் கிராமம் இது. முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவர்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள்.

மீன் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவருடன் சென்ற விடுமுறையில் அங்கு போயிருந்தேன். வெயிலுக்கு ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினோம். முற்றத்தில் மூன்று பீப்பாய்கள். ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளைத் துணி விரித்துக் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தது. மூலையில் சிரட்டைகளும் உடைந்த மீன் பெட்டியும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

“ஏன் ஆச்சி, இவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“கிணத்துத் தண்ணி உப்புத் தம்பி. பவுசர்ல வாற தண்ணியைப் பிடிச்சுத்தான் வைக்கோணும். திறந்து வைச்சா நுளம்பு குடியேறிடும். போன மாரியில பேரப்பிள்ளை டெங்குக் காய்ச்சலில கிடந்து பிழைச்சவன். அதுக்குப் பிறகு நான் கட்டாத நாள் இல்லை” என்றார்.

நான் தலைகுனிந்தேன். காரணத்தை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. நான் ஓதிக்கொடுக்கும் மத்ரஸாவில் சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு மாணவர்கள் டெங்குவினால் வைத்தியசாலையில் கிடந்தார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தார். வுழூவுக்கென்று தண்ணீர் நிறைத்து வைத்திருந்த பீப்பாயில் புழுக்கள் நெளிந்தன. அன்று காலை நான் நடத்திய பாடம் எது தெரியுமா? கிதாபுத் தஹாரா, தூய்மையின் பாடம்! பிள்ளைகள் இருவரும் அல்லாஹ்வின் அருளால் நலம் பெற்றார்கள். அவர்களுடைய உம்மாமார் முகத்தில் விழிக்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

இரவில் பாத்திரங்களை மூடி வைக்கும்படியும், தண்ணீர்த் துருத்தியின் வாயைக் கட்டி வைக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அதை நான் எத்தனையோ முறை ஓதிக்கொடுத்திருக்கிறேன். உடப்பு ஆச்சி அந்த ஹதீஸை அறியமாட்டார். ஆனால் அதன்படி செய்திருந்தவர் அவர்தான்.

தெதுறு ஓயா சொல்லும் கதை

வழியில் கடந்தோமே தெதுறு ஓயா, அதற்கொரு கதை உண்டு. 1934-ல் மழை பொய்த்து, இந்த ஆறும் மா ஓயாவும் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கின. அவற்றில் மலேரியா நுளம்பு பெருகியது. 1934-35-ல் இலங்கையில் சுமார் 80,000 உயிர்கள் பறிபோயின. பின்னர் மருந்து தெளித்து, இரத்தம் சோதித்து, நோயைத் துரத்தினார்கள். 1963-ல் நாடு முழுவதற்கும் 17 பேருக்குத்தான் மலேரியா. ‘வென்றுவிட்டோம்’ என்று விழிப்புத் தளர்ந்தது. 1969-க்குள் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிவிட்டது! மீண்டும் பல்லாண்டுகள் பாடுபட்ட பிறகே, 2016-ல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது.

மறு ஆண்டே, 2017-ல், டெங்கு 1,86,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கி 440 பேரைக் கொண்டுபோனது. மலேரியா நுளம்பு வளர்வது ஆற்றங்கரையில். டெங்கு நுளம்பு வளர்வதோ நம் வீட்டுப் பீப்பாயில், பூச்சாடித் தட்டில், சிரட்டையில், கரையில் கைவிட்ட தோணியில்! அதை ஒழிக்க அரசாங்கம் மட்டும் போதாது.

‘நோய் வருவது நஸீப். நாம் என்ன செய்ய முடியும்?’ என்று சிலர் கேட்கிறார்கள். சிரியாவில் கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியில் அறிந்த உமர் (ரலி) அவர்கள் தம்முடன் வந்தவர்களோடு திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அவன் விதித்த ஒன்றிலிருந்து அவன் விதித்த இன்னொன்றுக்கே போகிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். காத்துக்கொள்வதும் தவக்குலில் அடங்கியதே.

மருத்துவத்தின் வேலை, இருக்கும் ஆரோக்கியத்தைப் பேணுவதும் இழந்ததை மீட்பதும் என்று இப்னு ஸீனா வகுத்தார். யூனானி ஹகீம்கள் காற்று, உணவு, உறக்கம், உழைப்பு, மன அமைதி அனைத்தையும் சேர்த்தே பார்த்தார்கள். நாமோ பேணுவதை விட்டுவிட்டு மாத்திரைப் பொட்டலத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

நாம் செய்ய வேண்டியவை

டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீரில்லாமலும் மாதக்கணக்கில் பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீர் பட்டதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் நுளம்பாகிவிடும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரம் ஒருமுறை, ஜும்ஆக் குளிப்புக்கு முன் இதைச் செய்யுங்கள். கணவரையும் மகன்மாரையும் கூப்பிடுங்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலையில் பங்கெடுத்தவர்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். மூட முடியாத ஹவ்ழில் மீன் விடுங்கள். நம் பழைய பள்ளிவாசல் ஹவ்ழுகளில் மீன் நீந்தியதன் பயன் இப்போது புரிகிறதல்லவா?

இத்தனைக்குப் பிறகும் காய்ச்சல் வந்தால், இலைச்சாற்றோடு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். வைத்தியரிடம் காட்டி இரத்தம் சோதியுங்கள். அஸ்பிரின், இபுபுரூபன் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டும், அவற்றைத் தொடாதீர்கள். காய்ச்சல் இறங்கும் வேளைதான் டெங்குவில் ஆபத்தான வேளை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, சோர்வு கண்டால் உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள். மருந்து தேடுவதும் நபிவழிதான்.

விடைபெறும்போது ஆச்சி ஒரு செம்புத் தண்ணீர் தந்தார். எடுத்ததும் மறக்காமல் பீப்பாயின் துணியை மறுபடி கட்டினார். இதைப் படித்து முடித்ததும் நீங்களும் எழுந்து போய் உங்கள் வீட்டுப் பீப்பாயை ஒருமுறை பாருங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளை நோயிலிருந்து காப்பானாக. காத்துக்கொள்ளும் விழிப்பையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.